ஆவாரம்பாளையத்து ஹெட் வேலை

கோயமுத்தூரில் என்ஜின் வேலை பழகியவனுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. பேட்டர்ன் செய்பவர், வார்ப்படம் ஊற்றுபவர், லேத், மில்லிங், கிரைண்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாம் சைக்கிள் மிதிக்கிற தூரத்துக்குள் அடக்கம். பம்பு செட்டுக்கும் கிரைண்டருக்கும் மில் உதிரிபாகங்களுக்குமாக வந்து உட்கார்ந்த பட்டறைகள் அவை. பகல் ஆர்டர் முடிந்த பிறகு அதே மெஷின்களில் சில இடங்களில் வேறொரு வேலை நடக்கும். கம்பெனி கொடுத்த கார் என்ஜினைப் பிரித்து, அதிலிருந்து கம்பெனி சொன்னதைவிடக் கூடுதல் சக்தி எடுக்கிற வேலை. 1990களின் முதல் பாதியில், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்துக்கொண்டிருந்த நான், ஆவாரம்பாளையத்தில் அப்படியொரு பட்டறையில் சாயங்காலங்களில் கையாளாக நின்றேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. டீ, வடை, சனிக்கிழமையானால் கொஞ்சம் காசு.

பட்டறைக்காரரை எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டோம். அவர் ஒரு பம்பு கம்பெனியின் டெஸ்ட் பெட்டில் பல வருஷம் நின்றுவிட்டு வந்தவர். ஒவ்வொரு பம்பும் எத்தனை அடி உயரத்துக்கு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது, அதற்கு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று எழுதி, தேறினால் முத்திரை குத்தி அனுப்புகிற வேலை. அந்தப் பழக்கம் அவரை விடவேயில்லை. எந்த வேலை முடித்தாலும் அவரிடமிருந்து வரும் முதல் கேள்வி, "நோட்டுல ஏத்தினியா கண்ணு?"

நான் போய்ச் சேர்ந்த புதிதில், பெரிய கார்புரேட்டர் போட்டால் பவர் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். மேஸ்திரி சிரித்தார். "இதும் ஒரு பம்புதான் கண்ணு. தண்ணிக்குப் பதிலா காத்து இழுக்குது. ஃபுட் வால்வு அடைச்சுக் கெடந்தா மோட்டாரு பெருசு போட்டு என்ன ஆகப்போகுது?"

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்று தெரியும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எந்தக் கையாளும் செய்கிற காரியம். அந்த 9,000 லிட்டரை உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதில்தான் வித்தை எல்லாம் இருக்கிறது. நிமிஷத்துக்கு 5500 சுற்றில் ஓடுகிற என்ஜினில் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க ஆகும் நேரம் ஒரு நொடியில் 183-இல் ஒரு பங்கு. அந்த இடைவெளிக்குள் காற்று ஃபில்டரைத் தாண்டி, கார்புரேட்டரின் குறுகலைத் தாண்டி, மேனிஃபோல்டில் வளைந்து, வால்வின் விளிம்பைச் சுற்றி உள்ளே போய்ச் சேர வேண்டும். வழியில் எந்த இடத்தில் தட்டினாலும் சிலிண்டர் அரைகுறையாகத்தான் நிரம்பும்.

எங்கள் பட்டறைக்கு அதிகம் வந்தது மாருதி 800. கோவையில் அதற்குக் காரணம் உண்டு. ஆலைக் குடும்பத்தில் பிறந்து ரேஸ் கார் கட்டுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட எஸ். கரிவரதன் இந்த ஊர்க்காரர். மாருதி 800-இன் என்ஜினை எடுத்துக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா மாருதி கார்களை இங்கே கட்டினார். எல்லோருக்கும் ஒரே வகை வண்டி, ஒரே வகை என்ஜின், ஜெயிப்பது ஓட்டுகிறவனின் திறமை என்பது அதன் அடிப்படை. நரேன் கார்த்திகேயன் பழகியதும் அந்த வண்டியில்தான். அதுவரை பெரிய வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கார் இறக்கிச் சோழவரம் ஓடுதளத்தில் ஓட்டுவதாக இருந்த ரேஸ், மளிகைக் கடைக்காரரும் வைத்திருக்கிற ஒரு காரின் என்ஜினுக்கு இறங்கி வந்தது. ஊரிலிருந்த மெக்கானிக்குகளுக்கெல்லாம், நாமும் ஏன் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று கை அரிக்க ஆரம்பித்தது அப்போதிருந்துதான்.

அந்த என்ஜின் 796 சிசி. மூன்று சிலிண்டர், 68.5 மில்லிமீட்டர் போர், 72 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, மேலே ஒரே கேம் ஷாஃப்ட். சக்தி 40 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் குறைவு. டார்க் 59 நியூட்டன் மீட்டர், அதுவும் 2500 சுற்றிலேயே வந்துவிடும். மேஸ்திரி இந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதி என்னைக் கணக்குப் போடச் சொன்னார். குதிரைத்திறன் என்பது டார்க்கையும் சுற்றையும் பெருக்கி வருவது. 5500 சுற்றில் 38 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் டார்க் 49-க்கும் கீழே இறங்கியிருக்கிறது. 2500-இல் கிடைத்த 59-ஐ 5500 வரை இறங்காமல் பிடித்து வைக்க முடிந்தால் அதே என்ஜின் 46 குதிரைத்திறன் காட்டும். புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மேலே போகப் போக மூச்சு முட்டுவதை நிறுத்தினால் போதும். நான் அந்தப் பட்டறையில் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் அந்தக் கரும்பலகையில் இருந்தது.

முதல் வேலை ஹெட்டைக் கழற்றி அளப்பது. மேஸ்திரியின் மேசையில் பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி லேபில் இருக்கும் பியூரெட் ஒன்று ஸ்டாண்டோடு நிற்கும். ஹெட்டைக் கவிழ்த்து மட்டம் பார்த்து வைத்து, எரி அறையின் வாயில் கிரீஸ் தடவி, ஓரத்தில் துளை போட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டை ஒட்ட வேண்டும். துளை வழியாகப் பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் விட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் நிரம்புகிற இடத்தில் எத்தனை சிசி என்று படிக்க வேண்டும். ஃபேக்டரியிலிருந்து வந்த ஹெட்டில் மூன்று அறையும் ஒரே அளவாக இருக்கும் என்று புத்தகம் படித்தவன் நினைப்பான். ஒரு சிசி வித்தியாசம் சாதாரணமாக இருந்தது. வித்தியாசமிருந்தால் மூன்று சிலிண்டரும் மூன்று விதமாக இழுக்கும். பெரிய அறையை அளவாக வைத்துக்கொண்டு, சின்ன அறைகளை ரோட்டரி பர் வைத்துச் சுரண்டிச் சமன் செய்வது என் வேலை. அலுமினியத் தூள் கண்ணில் பறக்கும். ஒரு ஹெட்டுக்கு ஒரு வாரச் சாயங்காலம் முழுக்க ஓடிவிடும்.

அதன் பிறகு பிஸ்டன், கனெக்டிங் ராடு. மூன்று பிஸ்டனையும் எடுத்துக்கொண்டு ராஜ வீதியில் மேஸ்திரிக்குத் தெரிந்த நகைப் பட்டறைக்குப் போவேன். தங்கம் நிறுக்கிற தராசில் கரி படிந்த பிஸ்டனை வைக்க ஆசாரி ஒவ்வொரு முறையும் முகம் சுளிப்பார். கீழே பழைய காகிதம் விரித்து வைத்தால்தான் ஒப்புக்கொள்வார். எது கனமோ அதன் உட்புறத்தில் வலு தேவையில்லாத இடத்தில் அரத்தால் சீவி, மூன்றும் ஒரே எடைக்கு வரும்வரை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். இதனால் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. ஆனால் 5500-இல் ஓட வேண்டிய என்ஜினை 7000-த்துக்குக் கொண்டுபோனால் பிஸ்டனை மேலே கீழே இழுக்கிற விசை 60 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். அந்தச் சுற்றில் சில கிராம் ஏற்றத்தாழ்வும் பேரிங்கைத் தின்னும். பவர் ஏற்றுகிறேன் என்று விளம்பரம் செய்கிற எவரும் இந்த வேலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத, காதுக்குக் கேட்காத வேலைக்கு யார் காசு கொடுப்பார்கள்?

ஹெட்டை பிளேனிங் போட்டுக் கம்ப்ரெஷன் ஏற்றுவது அப்போது பெரிய மந்திரமாகப் பேசப்பட்டது. கம்பெனி வைத்தது 8.7-க்கு 1. அதை 10-க்குக் கொண்டுபோக வேண்டுமானால், ஒரு சிலிண்டரின் 265 சிசிக்கு எரி அறை மொத்தமும் 34.5 சிசியிலிருந்து 29.5 சிசிக்கு இறங்க வேண்டும். அதாவது 5 சிசி. அதற்கு ஹெட்டின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். பாலிடெக்னிக்கில் படித்த தெர்மோடைனமிக்ஸ் சூத்திரத்தை வைத்து நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்: இவ்வளவும் செய்து கிடைப்பது 4 சதவீதம். 38 குதிரைத்திறனில் ஒன்றரை. மேஸ்திரி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்காடா இந்த ஆட்டம் ஆடறானுங்க!" என்றார்.

அந்த ஒன்றரைக்குக் கொடுக்க வேண்டிய விலையும் சின்னதில்லை. அன்றைக்கு பங்கில் கிடைத்த சாதாரண பெட்ரோல் 87 ஆக்டேன். கம்ப்ரெஷன் ஏற ஏற, பிளக் பற்றவைப்பதற்கு முன்னும் பின்னுமாகக் கலவை தானே வெடிக்க ஆரம்பிக்கும். மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஹெட்டுக்குள் இரும்பை இரும்பால் தட்டுகிற சத்தம் வரும். நாக்கிங். ரேஸ்காரர்கள் டொலுவீன் கலந்து சமாளித்தார்கள். தினமும் ஆபீஸ் போகிறவர் அதற்கு எங்கே போவார்? தவிர, ஹெட்டைச் சீவினால் கேம் ஷாஃப்ட் கிராங்கை நோக்கிக் கொஞ்சம் இறங்குகிறது, டைமிங் பெல்ட்டின் கணக்கு மாறுகிறது, வால்வு திறக்கிற நேரம் தாமதமாகிறது. கேம் புல்லியின் துளையை நீளவாக்கில் அறுத்து அதைச் சரிக்கட்ட வேண்டும். ஒன்றைத் தொட்டால் வரிசையாக நான்கைத் தொட வேண்டியிருந்தது.

வேறு ஊரில் வேலை பார்த்த ஒரு வண்டி ஒருநாள் கயிறு கட்டி வந்து நின்றது. ஹெட்டை ஏகமாகச் சீவி, இக்னிஷனை முன்னுக்குத் தள்ளி, பெட்ரோலை மிச்சப்படுத்த ஜெட்டையும் சின்னதாக்கியிருந்தார்கள். பிளக்கைக் கழற்றியதும் மேஸ்திரி அதை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் அளவில் பளபளவென்று அலுமினியப் பொட்டுகள். பிஸ்டன் உருகிப் பிளக்கில் போய் ஒட்டியிருக்கிறது. திறந்து பார்த்தபோது நடுச் சிலிண்டரின் பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் போகிற ஓட்டை. வண்டிக்காரர் கேட்டார், "ஏனுங்க, ஓடிட்டிருக்கறப்ப நல்லா இழுத்துச்சுங்களே?" உண்மைதான். உருகுவதற்குச் சற்று முன்புவரை மெலிந்த கலவையும் முந்திய இக்னிஷனும் வண்டியை நன்றாகவே இழுக்கும்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமில்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்பாசடரில் இருந்த 1489 சிசி பி.எம்.சி. என்ஜினின் உடன்பிறப்புதான் 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. நம் அம்பாசடரில் சுமார் 50 குதிரைத்திறன் கொடுத்தது, அங்கே முதலில் 68, பிறகு 72 கொடுத்தது. இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரெஷன், வேறு கேம். சிசி அதேதான். அந்தப் பேராசை அங்கே நிற்கவில்லை. 1958-இல் அதே அடிப்படையில் இரட்டை கேம் வைத்து, 1588 சிசியில் 108 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோனார்கள். அது பிஸ்டனை எரிப்பதில் பேர் வாங்கி, இரண்டே வருஷத்தில் கடையைக் கட்டியது. இத்தனைக்கும் செய்தது ஒரு பெரிய கார் கம்பெனி.

புத்தகம் என்றதும் உக்கடம் ஞாபகம் வருகிறது. பழைய புத்தகக் கடையில், அட்டை போன 'ட்யூனிங் ஃபார் ஸ்பீட்' எனக்குக் கிடைத்தது அங்கேதான். எழுதியவர் ஃபில் இர்விங், ஆஸ்திரேலியர். வின்சென்ட் மோட்டார் சைக்கிள் என்ஜின்களை வடிவமைத்தவர்களில் ஒருவர். 1966-இல் ஜாக் பிராபம் உலக சாம்பியனான காரின் ரெப்கோ என்ஜினும் அவர் கைவண்ணம். மோட்டார் சைக்கிளுக்காக 1940களில் எழுதிய புத்தகம், மாருதிக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தியது. ராத்திரி படித்ததை மறுநாள் சாயங்காலம் மேஸ்திரிக்குத் தமிழில் சொல்வேன். சில இடங்களில் "இது நமக்குத் தெரிஞ்சதுதானே" என்பார். சில இடங்களில் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு, "அதத் திருப்பிச் சொல்லு" என்பார்.

அப்படித் திருப்பிச் சொல்லச் சொன்ன இடங்களில் ஒன்று, இன்டேக் போர்ட்டைப் பற்றியது. போர்ட்டைப் பெரிதாகக் குடைந்து கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்டால் நல்லது என்று ஊரே செய்துகொண்டிருந்தது. அது இரண்டு விதத்தில் கெடுதல். துளை பெரிதானால் காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் பெட்ரோல் துளிகள் காற்றோடு போகாமல் சுவரில் ஒட்டி வழிகின்றன. சுவர் வழவழப்பாக இருந்தால் இன்னும் மோசம். உண்மையான ஆதாயம் வால்வுக்குக் கீழே உள்ள கழுத்தில் இருக்கிறது. ஃபேக்டரியில் சீட் அறுக்கிற கட்டர் அங்கே கூர்மையான விளிம்பை விட்டுவிட்டுப் போகும். அதை எடுத்து, சீட்டை 30, 45, 60 டிகிரி என்று மூன்று கோணத்தில் வெட்டி, காற்று முட்டாமல் திரும்ப வழிசெய்தால் போதும். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேருகிற இடத்தில் கேஸ்கட்டை அச்சாக வைத்து நீலம் தடவிக் கோடு போட்டால், இரண்டு துளைக்கும் நடுவே படிக்கட்டு மாதிரி தட்டு இருப்பது தெரியும். அதையும் ஒழுங்காக்க வேண்டும். வால்வை லேப்பிங் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் ஒரு சொட்டும் இறங்கவில்லையென்றால் ஹெட் தயார். நான் பார்த்த வரையில் இந்த வேலை ஒன்று கொடுத்த பலனை, ஆயிரக்கணக்கில் செலவு வைத்த வேறெதுவும் கொடுக்கவில்லை.

எக்ஸாஸ்டுக்கு வார்ப்பு மேனிஃபோல்டைத் தூக்கிவிட்டுக் குழாய்களே வளைத்தோம். மூன்று சிலிண்டர் என்ஜினில் 240 டிகிரிக்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் புகை தள்ளுவதால், ஒன்றின் புகை மற்றதன் மேல் முட்டாது. சம நீளத்தில் மூன்று குழாயை ஓரிடத்தில் சேர்த்தால், முன்னால் போகிற புகை பின்னால் வருவதை இழுத்துக்கொண்டே போகும். குழாயை வளைக்க எங்களிடம் மெஷின் இல்லை. காய்ந்த ஆற்று மணலை உள்ளே தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, கேஸ் வெல்டிங் தீயில் சிவக்கக் காய்ச்சி, கொஞ்சம் கொஞ்சமாக வளைப்போம். மணலில் ஈரம் இருந்தால் ஆவி கட்டையைத் துப்பாக்கிக் குண்டாக்கிவிடும் என்பதால், மணலை வாணலியில் வறுப்பது என்னுடைய வேலை. தெருவில் போகிறவர்கள் நாங்கள் ஏதோ சமைக்கிறோம் என்று நினைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

கேம் விஷயத்தில் மேஸ்திரிக்குத் தயக்கம் அதிகம். கேமின் அடிவட்டத்தைக் கிரைண்ட் செய்து வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி செய்தால், மேல் சுற்றில் என்ஜின் பாயும். கீழ்ச் சுற்றில் தடுமாறும். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிற இடைவெளி நீளுவதால் ஐடிலிங் நிற்காது. மில்காரர் ஒருவரின் மகன், ஹெட்டையும் சீவச் சொல்லி, பிடிவாதமாக அதைக் கேட்டு வாங்கிப் போனார். அடுத்த மாதம் அவருடைய அப்பா வந்தார். "ஏனுங் மேஸ்திரி, நான் எடுத்தா லட்சுமி மில் சிக்னல்ல நின்னு போகுதுங். பெட்ரோலும் தண்ணியாட்டக் குடிக்குதுங். பழையபடி பண்ணிக் குடுத்துருங்." மேஸ்திரி எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. கழற்றிய ஒவ்வொரு ஒரிஜினல் உருப்படியையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, வண்டி நம்பர் எழுதிப் பரணில் வைத்திருப்பது அவர் வழக்கம். பழைய கேமை எடுத்து மாட்டினார். சீவிய ஹெட்டை வளர்க்க முடியாதல்லவா, அதற்குத் தடித்த காப்பர் கேஸ்கட் ஒன்று வெட்டிப் போட்டுக் கம்ப்ரெஷனை இறக்கினார். மகன் அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

எங்களிடம் டைனமோமீட்டர் கிடையாது. மதுக்கரைப் பக்கம் ஓர் ஏற்றம்தான் டைனமோமீட்டர். விடிகாலையில், ஒரே டயர் காற்று, ஒரே அளவு பெட்ரோல், அதே இரண்டு ஆள். மூன்றாவது கியரில், ஒரே மைல்கல்லில் ஒரே வேகத்தில் தொடங்கி முழு ஆக்ஸிலேட்டர். மேட்டின் உச்சியில் முள் எங்கே நிற்கிறது என்று நான் நோட்டில் ஏற்றுவேன். இன்றைய போக்குவரத்தில் அதை நினைத்தே பார்க்க முடியாது. ஹெட், எக்ஸாஸ்ட், ஜெட் மூன்றும் ஒழுங்காக முடித்த வண்டியில், முன்பு 60-ஐத் தொட்டுத் திணறிய முள் 70-க்குப் பக்கத்தில் போய் நின்றது. அதே மேட்டில் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டியபோது, உறுமல் இரண்டு மடங்கானது, முள் அசையவில்லை. வண்டிக்காரருக்கு மட்டும் அதுதான் வேகமாகப் போன மாதிரி இருந்ததாம்.

சென்னைக்குப் பக்கத்தில் 1990-இல் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ரேஸ் வந்தால் மேட்டடார் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ராத்திரி கிளம்புவோம். கோவை கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே சரியாக வைத்த ஜெட் அங்கே தடித்த காற்றுக்குப் பற்றாது. நண்பகல் வெயிலில் காற்று மறுபடி மெலியும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஜெட் மாற்றி, முழு வேகத்தில் என்ஜினை அணைத்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, பிளக் நிறம் பார்ப்போம். பிஸ்கட் நிறம் என்றால் சரி. கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் ஆபத்து. ஊட்டிக்குப் போன வண்டிகள் கரும்புகை தள்ளியதும் இதே கணக்கில்தான். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் 80 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு சக்தி மலை ஏறும்போதே போய்விடுகிறது.

கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தபோது ஊரின் பட்டறைகளில் பலர் வேலையை நிறுத்திவிட்டுப் போனார்கள். நானும் படிப்பு முடிந்து, வேலை தேடி ஓசூர்ப் பக்கம் போய்விட்டேன். கார்புரேட்டர் காலம் அதற்குச் சில வருஷங்களுக்குள் முடிந்தது.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். லேப்டாப்பை மாட்டி அரை மணி நேரத்தில் 20 குதிரைத்திறன் ஏற்றித் தருகிறோம் என்கிறார்கள். டர்போ டீசலில் அது பொய்யும் இல்லை. டர்போவின் அழுத்தத்தையும் டீசல் அளவையும் கூட்டினால் சக்தி கூடத்தான் செய்யும். ஆனால் ஃபியட்டின் அதே 1248 சிசி டீசல் நம் ஊரில் சில கார்களில் 75, சில கார்களில் 90 குதிரைத்திறனோடு விற்றதே, அந்த 15-க்காகக் கம்பெனி வேறு டர்போ வைத்தது, காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் கொடுத்தது. சாஃப்ட்வேரில் எண்ணை மட்டும் மாற்றி விட்டுவிடவில்லை. சந்தையில் விற்கும் சில ட்யூனிங் பெட்டிகள் செய்வது இன்னும் எளிமையானது. டீசல் ரெயிலின் அழுத்தத்தைச் சொல்லும் சென்சாரிடமிருந்து வரும் சிக்னலை இடையில் பிடித்து, அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கின்றன. அதை நம்பி அது அழுத்தத்தை ஏற்றுகிறது. கிளட்சும் கியர்பாக்ஸும் பிஸ்டனும் அந்தப் பொய்க்குச் சம்மதித்தவை அல்ல. பானெட்டுக்குள் கூம்பு மாதிரி திறந்த ஃபில்டர் மாட்டுவதும் இதே ரகம். காற்றின் வெப்பம் 3 டிகிரி ஏறினால் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது. என்ஜின் சூட்டைக் குடிக்கிற ஃபில்டரால் சத்தம்தான் கூடும்.

சட்டமும் இப்போது கடுமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

ஆகவே, வண்டி இழுக்கவில்லை என்று என்னிடம் வருகிற இளைஞர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். பவர் ஏற்றுவதற்கு முன், கம்பெனி கொடுத்த பவர் முழுதும் வருகிறதா என்று பாருங்கள். எல்லாச் சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பாருங்கள், வால்வு கிளியரன்ஸ் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். பத்து வருஷ வண்டியில் தொலைந்துபோன குதிரைகள் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். அதற்கு மேலும் ஆசை அடங்கவில்லையா, டயருக்கும் பிரேக்குக்கும் முதலில் செலவு செய்துவிட்டு, செட்டிபாளையத்துக்குப் போங்கள். கரிவரதன் பெயரில் 2003-இல் திறந்த காரி மோட்டார் ஸ்பீட்வே அங்கே இருக்கிறது. அவினாசி ரோட்டில் வேண்டாம்.